ஒருமுறைகூடப் பறக்காத தாள்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. விமானத்தின் இரண்டு எஞ்சின்கள் மேல் ஆணை. இரண்டும் நின்றுபோனால் தாங்கிப் பிடிக்கிற காற்றின் மேல் ஆணை. இதைக் கேட்டுவிட்டு இதுவரை இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். ஒருவருக்கு மறுநாளே முன்பல் விழுந்தது. மற்றவர் ஏற்கெனவே பல் இல்லாததால் தப்பித்தார்.

கேப்டன் ஞானப்பிரகாசத்துக்குப் பதினோரு வருடமாக நெஞ்செரிச்சல். பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியாகப் பார்த்தவர், எது சேருகிறது, எது சேரவில்லை என்று ஒரு பட்டியல் எழுதிவரச் சொன்னார். கேப்டன் ஒழுங்கான மனிதர். இரண்டு பக்கத்துக்கு எழுதினார். சேராதவற்றில் முதலாவதாக வரவேண்டிய பொருளை மட்டும் எழுதாமல் விட்டார்.

ஒரு சிமெண்ட் கம்பெனி முதலாளியின் சொந்த ஜெட்டை ஓட்டுவது அவர் வேலை. எட்டு இருக்கை, வெள்ளை உடம்பு, வாலில் முதலாளியின் குலதெய்வம். விமானி இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்புத் தோல் பைகள் எப்போதும் இருக்கும். பைக்குப் பதினெட்டு கிலோ. உள்ளே வளையம் போட்ட புத்தகங்கள். எந்த ஊரில் எப்படி இறங்குவது, எத்தனை அடிக்குக் கீழே போகக்கூடாது, எந்தப் பக்கம் மலை என்று ஊருக்கு ஒரு தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை திருத்தத் தாள்கள் ஓர் உறையில் வரும். வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள், ஓரத்தில் ஏழு ஓட்டை. வளையத்தைத் திறந்து பழையதை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகி, முதல் பக்கத்திலுள்ள அட்டவணையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

அந்த வேலையை ஞானப்பிரகாசம் வேறு யாருக்கும் விடமாட்டார். "என் புத்தகத்துல இன்னொருத்தன் கை பட்டா பக்கம் முறைச்சுக்கும்" என்பார். உண்மையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. உறை வந்ததும் முதலில் கையெழுத்து. சொருகுவது, நேரம் கிடைக்கும்போது.

அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, ஆபீசைக் கவனிக்கிற மிருணாளினி அவரைக் கூப்பிட்டாள்.

"சார், டேப்லெட் வந்துடுச்சு. மூணு. முப்பத்தாறு கிலோ புத்தகம் இனிமே அரைக் கிலோ. முதலாளிக்கு இன்னும் ரெண்டு பெட்டி மாம்பழம் ஏத்தலாம்."

"பேட்டரி தீந்துபோனா?"

"அதுக்குத்தான் மூணு."

"மூணும் தீந்துபோனா?"

"புத்தகத்துல ஒரு பக்கம் இல்லாமப் போனா நீங்க என்ன சார் பண்ணுவீங்க?"

கேப்டன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். மிருணாளினி அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு ஒரே நாளில் நாற்பது வேலை.

"பழைய புத்தகம் எல்லாத்தையும் பக்கம் பக்கமா அதுக்குக் காட்டணுமாம். அட்டவணையோட ஒத்துப்பாத்து 'சரி'ன்னு அதுவே சொல்லும். சொன்ன புத்தகம் மிஷினுக்குப் போயிடும், தூள் தூளா அரைச்சுடுவாங்க. மிஷின்காரன் வியாழக்கிழமை வர்றான். உங்க கையெழுத்து உங்களைத் தவிர யாருக்கும் புரியாது சார், நீங்கதான் உக்காரணும். பெட்டி ஆவண அறையில இருக்கு, நீங்களே பிரிச்சுக்கோங்க."

"எல்லாப் புத்தகமுமா?"

"எல்லாமும்தான். அந்த விசாரணைக்குப் போயிட்டு வந்த புத்தகமும் சேத்து." அவள் வேறொரு காகிதத்தை எடுத்தாள். "அப்புறம் உங்க பிரிவுபசார விழாவுக்கு ஷீல்டு. 'முப்பத்தெட்டு ஆண்டுகள், ஒரு பிழையும் இன்றி.' சரியா சார்? செதுக்கக் குடுக்கணும்."

"பிழைங்கிறது கொஞ்சம்... வேற ஏதாவது போடலாமே."

"கறை?"

"பிழையே இருக்கட்டும்மா."

ஆவண அறை, விமானம் நிற்கும் ஹேங்கரின் பின்மூலையில் இருந்தது. ஜன்னல் இல்லை, விசிறி இருந்தது, காற்று இல்லை. திங்கட்கிழமை மதியம் கேப்டன் வீட்டுச் சாவியால் பெட்டியின் டேப்பைக் கிழித்தார். மேலாக இருந்த டேப்லெட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அது தானே விழித்துக்கொண்டது. முதலில் விதிமுறைகள் வந்தன, அறுபத்தொரு பக்கம். எல்லாரும் செய்வதுபோல் விரலால் ஒரே தள்ளாகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் 'படித்தேன், ஏற்கிறேன்' என்ற கட்டத்தைத் தொட்டார்.

திரையில் எழுத்து வந்தது. நல்ல சுத்தமான தமிழ்.

"இல்லை கேப்டன். நீங்கள் படிக்கவில்லை. முதல் பக்கத்தில் நான்கு விநாடி இருந்தீர்கள். அதில் இரண்டு விநாடி விசிறியைப் பார்த்தீர்கள்."

கேப்டன் கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார், திரையைப் பார்த்து. ஒரு சாதனத்திடம் வாய்விட்டுப் பேசுகிறோமே என்ற வெட்கம் அவருக்கு அப்போது வரவில்லை.

"மேல் ஓரத்தில் எனக்கு ஒரு கண் உண்டு. கையெழுத்துப் போட்டவர் படித்தாரா என்பது காகிதத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்னைச் செய்ததே அதற்காகத்தான்."

அது நல்ல யோசனைதான். ஆனால் படித்தவர்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாள் காலை உலகத்தில் ஒரு விமானம் தரையை விட்டுக் கிளம்பாது. இது விமானிகள் எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. கேப்டன் வேறு வழியின்றி அறுபத்தொரு பக்கத்தையும் படித்தார். இரண்டு மதியம் ஆயிற்று. நாற்பத்து நான்காம் பக்கம் இரண்டு முறை வந்திருப்பதைக் கண்டுபிடித்த முதல் மனிதர் அவர்தான் என்று டேப்லெட் வாழ்த்துத் தெரிவித்தது.

புதன்கிழமை புத்தகங்களைக் காட்டத் தொடங்கினார். பக்கத்தைப் பிடிப்பார், டேப்லெட் "சரி" என்று காட்டும், அடுத்தது. கடைசியாக மீந்தது விசாரணைக்குப் போய்வந்த புத்தகம். பதினோரு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. கரும்பாறைத் தாள் வந்தது. டேப்லெட் "சரி" என்று சொல்லவில்லை.

கரும்பாறையில்தான் முதலாளியின் தொழிற்சாலை. பக்கத்திலேயே கம்பெனியின் சொந்த ஓடுபாதை. பழைய தாள், அறுநூறு அடி வரை இறங்கலாம் என்று சொல்லியிருந்தது. பிறகு பக்கத்துக் குன்றில் யாரோ செல்போன் கோபுரம் எழுப்ப, புதிய தாள் எண்ணூற்றைம்பது என்று மாற்றிச் சொன்னது. அந்தத் தாள் உறையோடு ஞானப்பிரகாசத்தின் கைப்பெட்டியில் இரண்டு மாதம் கிடந்தது. அட்டவணையில் மட்டும் கையெழுத்து ஏறியிருந்தது. மேகம் கவிந்த ஒரு காலையில் துணை விமானி ஜமால் விமானத்தை இறக்கினான். கேப்டன் பழைய தாளைப் பார்த்து "அறுநூறு" என்று படித்துச் சொன்னார். கோபுரத்தை இழுத்துக் கட்டிய கம்பி இறக்கையின் நுனியில் இரண்டடியைச் சீவிக்கொண்டு போனது. ஜமால் எப்படியோ தரையில் வைத்துவிட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முதலாளியும் மற்றவர்களும் இறங்கி ஓடி, ஜமால் இறக்கையைப் பார்க்கப் போன அந்த ஆறு நிமிடத்தில், கேப்டன் கைப்பெட்டியைத் திறந்து பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகினார்.

விசாரணையில், "புத்தகத்தில் அறுநூறுதான் இருந்தது" என்று ஜமால் சொன்னான். புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். எண்ணூற்றைம்பது. பக்கத்தைப் பார்த்தவன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. கேப்டன் அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். சரியான உயரம் புத்தகத்தில் இருந்தும் பாராமல் இறங்கியதாக எழுதி மூன்று வருடத்துக்கு ஜமாலின் உரிமத்தைப் பறித்தார்கள். மூன்று வருடம் கழித்து அவனை வேலைக்கு எடுக்க ஆளில்லை.

"ஓர் ஐயம், கேப்டன்" என்றது திரை.

"கேளு."

"மற்ற தாள்களின் ஓரம் வெயிலில் பழுத்திருக்கிறது. இது வெள்ளை. விமானம் அதிரும்போதெல்லாம் வளையம் உரசி மற்ற தாள்களின் ஓட்டைகள் நீண்டிருக்கின்றன. இதன் ஏழு ஓட்டையும் வட்டம். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே சொருகியதாக அட்டவணையில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. ஆனால் இந்தத் தாள் ஒருமுறைகூடப் பறக்கவில்லை."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கேப்டன் தாளின் ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"பழைய தாள் எங்கே?" என்று கேட்டது திரை.

"தின்னுட்டேன்."

டேப்லெட்டில் "புரியவில்லை. மறுமுறை சொல்லவும்" என்று வந்தது.

"சாண்ட்விச்சுக்குள்ள வெச்சுத் தின்னுட்டேன். முதலாளிக்கு வெச்சிருந்த வெள்ளரிக்காய் சாண்ட்விச். கிழிச்சுப் போட்டா துண்டு அகப்படும், பையில வெச்சா சோதிப்பாங்க. யோசிக்க நேரமில்ல." நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மெல்லிசாத்தான் இருந்துச்சு. இறங்கத்தான் இல்ல."

திரையில் இரண்டு கட்டங்கள் தோன்றின. 'கையெழுத்திட்ட தேதியில் சொருகினேன்: ஆம்.' 'இல்லை.'

"ஆமாம்னு தொட்டா மறுபடியும் மாட்டேன்னு சொல்லுவியா?"

"இல்லை. நான் பார்த்ததை மட்டுமே என்னால் மறுக்க முடியும். அன்று நான் அங்கே இல்லை. நீங்கள் 'ஆம்' என்றால் 'ஆம்'. புத்தகம் நாளை மிஷினுக்குப் போகும். இந்த ஓட்டைகளை இனி யாரும் பார்க்கப்போவதில்லை."

எவ்வளவு சுலபம்! ஒரு விரல். ஷீல்டில் செதுக்கியது அப்படியே நிற்கும், மாலை விழும், முதலாளி கட்டிப்பிடிப்பார். 'இல்லை'யைத் தொட்டால் முப்பத்தெட்டு வருடமும் கரும்பாறையில் போய் முட்டும். கேப்டன் விரலை 'ஆம்' மேல் கொண்டுபோனார். கண்ணாடிக்கு ஒரு நூல் மேலே விரல் நின்றது. ஜமால் விமானத்தைத் தரையில் வைத்த அந்த நொடி ஞாபகம் வந்தது. வைத்துவிட்டு அவன் முதலில் திரும்பிக் கேட்டது, "கேப்டன், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

அவர் எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. வளையத்தைத் திறந்து அந்தத் தாளை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மேஜையில் கிடந்த கம்பெனி காகிதத்தில், விபத்தை விசாரித்த தில்லி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். முக்கால் பக்கம்தான். சாண்ட்விச் உட்பட எல்லாம் இருந்தது.

வெளியே வரும்போது மிருணாளினி போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "முடிஞ்சுதா சார்?" என்றாள்.

"ஒரு பக்கம் பாக்கி" என்றார்.

குரோம்பேட்டையில் ஜமால் 'இறக்கை டிரைவிங் ஸ்கூல்' நடத்திவந்தான். ஒரு பழைய சிவப்புக் கார், கூரை மேல் எல் போர்டு. கேப்டன் ஆட்டோவில் போய் இறங்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. முப்பத்தெட்டு வருடமும் வீட்டு வாசலுக்குக் கம்பெனி கார் வந்ததில் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை.

காருக்குள் ஒரு பேங்க் அம்மாள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்து இருக்கையிலிருந்து ஜமாலின் குரல், பழைய விமானி அறைக் குரல், அப்படியே வந்தது.

"பெல்ட்?"

"போட்டாச்சு."

"கண்ணாடி?"

"பாத்தாச்சு."

"நிஜமா பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?"

"சும்மாதான் மாஸ்டர்."

"பாத்துட்டுச் சொல்லுங்க. நான் அவசரப்படுத்தல."

நிமிர்ந்தவன் கேப்டனைப் பார்த்தான். ஜமாலின் தலை நரைத்துப்போயிருந்தது. பேங்க் அம்மாளிடம் ரிவர்சை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு இறங்கி வந்தான்.

"என்ன கேப்டன், லைசன்ஸ் எடுக்க வந்தீங்களா?"

கேப்டன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். ஜமால் தாளை வாங்கி வெயிலுக்கு எதிரே பிடித்தான். எண்ணைப் பார்க்கவில்லை. ஓரத்தைப் பார்த்தான்.

"ஏழும் வட்டம். மாறவே இல்ல."

"உனக்கு... தெரியுமா?"

"விசாரணையில இதைத்தானே எனக்கு முன்னால திருப்பி வெச்சாங்க. என் கண்ணு நம்பர்ல நிக்கல கேப்டன், ஓட்டையில நின்னுச்சு."

"அப்ப ஏன்பா சொல்லல?"

ஜமால் கார் மேல் சாய்ந்துகொண்டான். "அன்னைக்குக் காலையில கிளம்புமுன்ன 'புத்தகங்கள் பார்த்தேன், சரி'ன்னு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். பையைத் திறக்கவே இல்ல. திறக்க விடுவீங்களா நீங்க? உங்க பொய்யை இழுத்தா பின்னாலயே என் பொய்யும் வரும்னு பயம். அது ஒண்ணு." தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தான். "இன்னொண்ணு, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. ஒரு வருஷம் பாத்தேன். ரெண்டாவது வருஷம் கார் வாங்கிட்டேன்."

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. கேப்டன் தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுக் கடிதத்தை வெளியே எடுத்தார்.

"மன்னிச்சுடு ஜமால்."

"அதை அப்புறம் பாப்போம். கையில என்ன?"

"தில்லிக்கு லெட்டர். எல்லாம் எழுதியிருக்கேன். நீயே வெச்சுக்கோ. அனுப்பணும்னா அனுப்பு, வேண்டாம்னா கிழிச்சுடு. உன் இஷ்டம்."

ஜமால் சிரித்தான். பதினோரு வருடத்துக்கு முன் கேப்டன் கேட்ட சிரிப்பு இல்லை அது.

"நல்லாருக்கே! அன்னைக்கும் நான்தான் ஓட்டினேன், நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க. இன்னைக்கும் நானே ஓட்டணுமா?" காரைச் சுற்றிப்போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்க. போஸ்ட் ஆபீஸ் அஞ்சு தெரு தள்ளி. நாலு மணிக்கு ரிஜிஸ்டர் கவுன்ட்டரை மூடிடுவான்."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதுப்பா."

"எனக்குத் தெரியும் கேப்டன். அதனாலதான் சொல்றேன்."

கேப்டன் ஏறினார். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"பெல்ட்?"

"போட்டாச்சு."

"கண்ணாடி?"

கேப்டன் மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகு, "பாத்தாச்சு" என்றார்.

"எங்கிட்டயும் ஒரு பிரேக் இருக்கு. நீங்க திரும்பிப்போகப் பாத்தீங்கன்னா மட்டும் அழுத்துவேன்."

கார் குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. நாற்பதாயிரம் அடி உயரத்தில் மேகத்தைக் கிழித்தவர், ஒரு தள்ளுவண்டிப் பூக்காரியிடம் இரண்டு முறை திட்டு வாங்கினார். "கிளட்ச் கேப்டன், கிளட்ச்!" என்பதைத் தவிர ஜமால் எதுவும் பேசவில்லை. ஐந்து தெருவுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கேப்டன் கடிதத்தோடு தாளையும் உறைக்குள் போட்டு ஒட்டிக் கவுன்ட்டருக்குள் தள்ளினார். உள்ளே இருந்தவர் எடைபோட்டார். "ரொம்ப லேசா இருக்கே சார், உள்ள ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

ஐந்து வாரம் கழித்துத் தில்லியிலிருந்து பதில் வந்தது. ஜமால் மேல் எழுதியிருந்ததை நீக்குவதாக இரண்டு வரி. கேப்டனின் உரிமத்தைத் திரும்பப் பெறுவதாக ஆறு வரி. ஓய்வுக்கு அப்போது பத்தொன்பது நாள் இருந்தது. செதுக்கி முடித்ததை வீணாக்க மனமில்லாமல் ஷீல்டை மிருணாளினி வீட்டுக்கே அனுப்பிவைத்தாள். கேப்டன் 'இன்றி' என்ற சொல்லின் மேல் பிளாஸ்டர் ஒட்டி அலமாரிக்குள் வைத்தார். ஜமால் மீண்டும் பறக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். கண்ணில் தேறவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் வந்திருந்தால் தேறியிருப்பீர்கள் என்றார் டாக்டர். அதை ஜமால் கேப்டனிடம் சொல்லவில்லை. பரிசோதனைக்கு ஏற்பாடு செய்த மிருணாளினியிடம் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நெஞ்செரிச்சல் போகவில்லை. கேப்டன் தினமும் காலை ஏழு மணிக்குக் குரோம்பேட்டைக்குப் போய்ப் பாடம் படிக்கிறார். இரண்டு முறை டெஸ்டில் தோற்றாயிற்று. நேராகப் போக வருகிறது, ரிவர்ஸ் மட்டும் வரமாட்டேன் என்கிறது. மன்னிப்பைப் பற்றி இரண்டு பேரும் இதுவரை பேசவில்லை.

மூன்று டேப்லெட்டும் வந்த அந்தப் பெட்டி இன்றைக்கும் ஆவண அறையில்தான் இருக்கிறது. சார்ஜர் வந்துசேராததால் அதன் டேப்பை இதுவரை யாரும் பிரிக்கவில்லை. அதில் ஒரு சாவிக் கீறல்கூடக் கிடையாது.